அக்கா தூங்கிய பத்தொன்பது இரவுகள்

எனக்கு வாய் அதிகம். வீட்டில் எல்லோரும் சொல்வார்கள், நானும் ஒப்புக்கொள்வேன், ஒப்புக்கொண்ட கையோடு அடுத்த வார்த்தையை விட்டுவிடுவேன். அந்த வாயால் வந்த வினையைச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது.

அக்கா ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறாள். முன்னால் நின்று சிரித்து விற்பவர்கள் வேறு ஆட்கள். இவள் பின்னறையில் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, வட்டமாக வரும் லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்தி, திருகை முடுக்கி, துணியால் துடைத்துக் கூட்டில் போடுவாள். இருபத்திரண்டு வருடமாக இதே நாற்காலி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "நேரம் கிடைக்கல" என்று ஒரே பதில்தான். அப்பாவோடு இருக்கிறாள். நான் கணவர், பிள்ளைகளோடு நாலு தெரு தள்ளி இருக்கிறேன்.

அப்பா வயரிங் வேலை பார்த்தவர். ஐந்து வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் பலமிழந்துவிட்டன. அவர் படுக்கைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சுவிட்ச், அக்காவின் தலைமாட்டில் ஒரு மணி. ஓர் ஆளை வரவழைத்து, எதிரே உட்கார்ந்து அவனை விரட்டி விரட்டி அப்பாவே போட வைத்தது அது. பாத்ரூம் போக, புரண்டு படுக்க என்று ராத்திரிக்கு மூன்று தடவையாவது அடிக்கும்.

முதலில் அக்கா மணி அடித்து விழித்தாள். பிறகு மணி அடிக்கப் போகிறதே என்று விழித்திருந்தாள். கடைசியில் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடந்தாள். நாங்கள் அதையும் வசதியாக்கிக்கொண்டோம். "அவதான் எப்படியும் முழிச்சிட்டு இருக்காளே" என்று நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஒரு ராத்திரி நாம் போய் அங்கே படுக்கலாமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. பொய். தோன்றியது. தோன்றியதும் வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன்.

போன வருடம் ஒரே மாதத்தில் மூன்று கண்ணாடிகள் கடைக்குத் திரும்பி வந்தன. ஒன்றில் வலக்கண் லென்ஸ் இடப்பக்கம் இருந்தது. அதைப் போட்டுக்கொண்ட அம்மாள் படியில் உருளப் பார்த்தாளாம். முதலாளி திட்டவில்லை. இன்னும் இரண்டு மாதம் பார்ப்போம், சரிவராவிட்டால் முன்னால் வந்து பில் போடுங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார். அக்கா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. அந்த நாற்காலி போனால் அவளுக்கென்று வேறு எதுவும் கிடையாது.

டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன். மாத்திரை தருவார் என்று பார்த்தால், அவர் சீட்டில் போனில் போட்டுக்கொள்ளும் ஒரு ஆப்பின் பெயரை எழுதித் தந்தார். தூக்கத்துக்கான ஆறு வாரப் பயிற்சியாம், யார் துணையும் வேண்டாம், நாமே செய்துகொள்ளலாமாம். காய்ச்சல் என்று போனால் இனி கால்குலேட்டர் எழுதித் தருவார்கள் போல என்று வெளியே வந்து நான் கிண்டலடித்தேன். அக்கா சிரித்தாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது.

ஆப்பில் ஒரு பெண் குரல் பேசும். அக்கா அதற்கு டீச்சரம்மா என்று பெயர் வைத்தாள். தினமும் காலையில் கேள்வித்தாள்: எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், தூக்கம் வர எவ்வளவு நேரமானது, இடையில் எத்தனை முறை விழித்தீர்கள். முதல் வாரம் வெறும் கணக்கெடுப்பு. இரண்டாம் வாரம் டீச்சரம்மா பிரம்பை எடுத்தாள். பன்னிரண்டரைக்கு முன் படுக்கக் கூடாது, ஐந்தே முக்காலுக்கு மேல் படுத்திருக்கக் கூடாது, பகலில் கண் அயரக் கூடாது, படுத்தும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். தூங்காதவளையே தூங்காதே என்கிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காதான் விளக்கினாள். படுக்கை என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று உடம்பு பழகிவிட்டதாம், அந்தப் பழக்கத்தை முறிக்கத்தான் இத்தனை கெடுபிடியாம். பன்னிரண்டரை வரை சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து துணி மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தாள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள் அவள்.

ஆனாலும் இடையில் எத்தனை முறை என்ற கேள்விக்கு மட்டும் மூன்று, நான்கு என்றே எழுத வேண்டியிருந்தது. மணி அடித்தால் எழுந்துதானே ஆக வேண்டும்.

அந்த வாரக் கடைசியில் நான் போயிருந்தபோது, வைத்தியம் எப்படிப் போகிறது என்று அப்பா கேட்டார். அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் போனை எடுத்துப் படம் படமாகக் காட்டினேன். காட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

"எல்லாம் சரியாத்தான்பா செய்யறா. நீங்க ராத்திரியில மணி அடிக்காம இருந்தா என்னிக்கோ குணமாயிருப்பா" என்றேன்.

வேடிக்கையாகத்தான் சொன்னேன். அப்பாவும் சிரித்தார்.

அன்று இரவிலிருந்து மணி அடிக்கவில்லை. டாக்டர் மாற்றிக் கொடுத்த மாத்திரையில் இப்போதெல்லாம் நடுவில் எழ வேண்டியிருப்பதில்லை என்று அப்பா அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அவள் நம்பினாள். நானும் நம்பினேன், நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது. நாலாம் நாள் அக்கா ஐந்து மணி நேரம் ஒரே மூச்சில் தூங்கினாள். டீச்சரம்மா மனமிரங்கிக் கால் மணி நேரம் கூட்டிக் கொடுத்தாள். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு வெளுத்தது. கடையில் ஒரு கண்ணாடியும் திரும்பி வரவில்லை. அப்பாவுக்கும் சேர்த்து டீச்சரம்மாவே வைத்தியம் பார்த்துவிட்டாள் என்று போனில் என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

இப்படிப் பத்தொன்பது இரவுகள். பத்தொன்பதாவது இரவு விடிந்து அக்கா எழுந்து வந்தபோது அப்பா பாத்ரூம் வாசலில் தரையில் கிடந்தார். விழுந்தது இரண்டு மணிக்கு. நினைவு தப்பவில்லை. சத்தம் போடவும் இல்லை. "எழுந்துட்டியா, பதறாம வா" என்றாராம். மூன்றே முக்கால் மணி நேரம் குளிர்ந்த தரையில் கிடந்தவர் சொன்ன முதல் வார்த்தை அது.

இடுப்பெலும்பில் விரிசல். ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மணி அடிச்சிருப்பாருடி. நான் பொணம் மாதிரி தூங்கியிருக்கேன்" என்றாள். தான் மணி அடிக்கவே இல்லை என்று அப்பா எத்தனையோ தடவை சொன்னார். தன்னைத் தேற்றத்தான் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். ஆப்பை அழித்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, விழித்தது விழித்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

மாற்றுத்துணி எடுக்க நான்தான் வீட்டுக்குப் போனேன். அப்பாவின் அறையில் சுவிட்சின் மூடி லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. கை வைத்ததும் கழன்று வந்தது. உள்ளே ஒரு கம்பியைக் கழற்றி, நுனியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. வேலைக்காரர் சுற்றிய சுற்று, ஒரு பிசிறு இல்லை. டேப்பின் விளிம்பில் பல் பட்ட அடையாளம். ஒரு கையை வைத்துக்கொண்டு வேறெப்படிச் செய்வார்? அரைத்தூக்கத்தில் தானே மறந்துபோய் அழுத்திவிடக் கூடாது என்று கழற்றியிருக்கிறார். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கைபட்ட அழுக்கு கோடாக ஓடியது.

நான் சொன்ன ஒரு வார்த்தை. அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு அந்த மனுஷர் பத்தொன்பது ராத்திரி சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்திருக்கிறார்.

அடுத்து நான் செய்ததை எழுதக் கூசுகிறது. டேப்பைப் பிரித்தேன். கம்பியைப் பழையபடி மாட்டி, மூடியை முடுக்கினேன். வயரிங்காரர் பெண்ணுக்கு அந்த அளவு வேலை தெரியும். அக்கா இதைப் பார்த்தால் ஏன் கழற்றினீர்கள் என்று அப்பாவைக் கேட்பாள், அப்பா என் பெயரைச் சொல்லிவிடுவார் என்ற ஒரே பயம்தான். துணிப்பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், எட்டு நாள் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, "உன்மேல என்னக்கா தப்பு" என்று ஆறுதல் வேறு சொன்னேன்.

ஒன்பதாம் நாள் அப்பாவைக் கூட்டி வந்தோம். அவரைக் கிடத்திப் போர்வையை இழுத்துவிட்ட அக்கா கையை நீட்டி அந்தச் சுவிட்சை அழுத்தினாள். அவள் அறையில் மணி கணீரென்று அடித்தது.

"நல்லாத்தானே அடிக்குது" என்றாள். இன்னொரு தடவை அழுத்தினாள். அப்புறம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அப்பா என்னைப் பார்த்தார். தான் கழற்றிய கம்பி தானாக மாட்டிக்கொள்ளாது என்று அவருக்குத் தெரியாதா? அவர் ஏதாவது சொல்லியிருந்தால் நான் சமாளித்திருப்பேன்.

சொல்லிவிட்டேன். நான் அப்பாவிடம் சொன்னதை, அவர் கழற்றியதை, நான் திரும்ப மாட்டியதை, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். அக்கா அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் ஒரு தலையணையைக் கொண்டுவந்து அப்பா கட்டிலுக்குக் கீழே போட்டாள்.

"இன்னிக்கு நீ இங்க படு."

வீட்டில் சொல்லிவிட்டு வரவில்லையே என்றேன்.

"போன் இருக்குல்ல. சொல்லு" என்றாள். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். எனக்கு ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் புரள்வது வெகுநேரம் கேட்டது. பன்னிரண்டு மணிக்கு மேல் அதுவும் நின்று, மெல்லிய குறட்டை வந்தது. அப்பாவும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

"அவ தூங்கிட்டாளா?" என்று இருட்டில் கிசுகிசுத்தார்.

"தூங்கிட்டாப்பா."

"அப்ப கொஞ்சம் தண்ணி குடு. ஒன்பது மணியிலேருந்து தொண்டை வறண்டு கிடக்கு."