கேள்விக்கு முந்திய பதில்

வீட்டில் அவளுக்கு ஒட்டுக்காரி என்று பெயர். வைத்தது நாத்தனார். "படத்தையும் சத்தத்தையும் ஒட்டுறதுக்கு ஒரு சம்பளமா?" என்று ஒருநாள் கேட்டாள், அன்றிலிருந்து அதுவே நிலைத்துவிட்டது. ஒட்டுக்காரிக்கு அதில் வருத்தமில்லை. மாடி ஸ்டுடியோ ஒன்றில் பதினோரு வருடம் கல்யாண வீடியோக்களை வெட்டிச் சேர்த்தவள், பிறகு வேலையை வீட்டுப் பின்னறைக்கே கொண்டுவந்திருந்தாள். அங்கே ஒரு பக்கம் துணிக்கொடி, மறுபக்கம் மாமியாரின் தையல் மேசை. மாமியார் போன பிறகு மெஷினைக் கழற்றிவிட்டு அதன்மேல் கணினியை வைத்தார்கள். நாத்தனார் எப்போது வந்தாலும் மேசை விளிம்பை ஒருமுறை தடவிவிட்டுத்தான் பேசவே தொடங்குவாள். ஒட்டுக்காரி அதைப் பார்த்தும் பாராததுபோல் இருப்பாள்.

டி.வி.யில் உதடு ஒரு பக்கமும் சொல் ஒரு பக்கமுமாகப் போனால் ஒட்டுக்காரிக்குச் சாப்பாடு இறங்காது. "மத்தவங்க சாப்பாட்டுல கல்லு தேடுவாங்க, இவ சத்தத்துல தேடுவா" என்பான் கணவன்.

அந்த வருடம், நாத்தனார் பதினெட்டு ஆண்டுகள் கணக்கு நடத்திய பள்ளியை மூடிவிட்டார்கள். இணையவழி வகுப்பு நடத்தும் வேறொரு இடத்தில் ஆசிரியர் தேடினார்கள். முழுப் பாடம் ஒன்றைப் பதிவு செய்து வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். நாத்தனார் பழைய மாணவர்கள் ஏழு பேரைக் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்து, வியாழனன்று அந்தப் பின்னறையிலிருந்தே கணினி வழியாக நாற்பது நிமிடம் பின்னம் நடத்தினாள்.

ஏற்பாடு ஒட்டுக்காரியுடையது. நாத்தனாரின் முகத்தையும் குரலையும் எதிரே நிறுத்திய கைப்பேசி பிடிக்கும். அவள் ஹெட்போன் போட்டிருப்பதால் பிள்ளைகளின் குரல் வெளியே கேட்காது. அதைக் கணினி தனக்குள்ளேயே பதிவு செய்துகொள்ளும். பிறகு இரண்டையும் எடிட்டிங்கில் இணைக்க வேண்டும்.

"அண்ணி, தொடக்கத்துலயும் முடிவுலயும் நீங்களும் பிள்ளைங்களும் சேர்ந்து ஒரு தடவை கை தட்டிடுங்க. எனக்குப் பொருத்த வசதியா இருக்கும்."

"கைதட்டலெல்லாம் வேலை கிடைச்சப்புறம் வாங்கிக்கறேன்மா."

தட்டவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ஒட்டுக்காரி பிள்ளைகளின் வணக்கத்தை வைத்துத் தொடக்கத்தைப் பொருத்தினாள். ஐந்து நிமிடம் கச்சிதமாகப் போயிற்று. இருபதாவது நிமிடத்தில் நாத்தனார் படத்தில் வாய் திறக்கும் முன்பே ஒரு பிள்ளை, "மூணுல ரெண்டு டீச்சர்!" என்றது. பிறகுதான் கேள்வி வந்தது.

கணவன் எட்டிப் பார்த்தான். "அக்கா நடத்துற விதம் அப்படி. கேக்கறதுக்கு முன்னாடியே பதில் வந்துடுது."

"போடா அந்தப் பக்கம்" என்றாள் நாத்தனார். சிரிப்பு வரவில்லை. "இதைப் பாத்தா எவன் வேலை குடுப்பான்? சொல்லிக் குடுத்து நடிக்க வெச்சேன்னு நினைப்பாங்க."

மறுபடி எடுக்கவும் வழியில்லை. பிள்ளைகள் காலையிலேயே விடுமுறைக்கு ஆளுக்கொரு திசையில் கிளம்பிவிட்டார்கள்.

காரணம் ஒட்டுக்காரிக்குப் புரிந்துவிட்டது. பழைய கணினி, வகுப்பையும் பதிவையும் சேர்த்துச் சுமக்க முடியாமல், பிள்ளைகளின் சத்தத்தை அங்கங்கே கால் நொடி, அரை நொடி என்று விழுங்கியிருந்தது. ஒரு சோதனைப் பதிவு எடுத்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். நாத்தனாரின் அவசரத்துக்குப் பயந்து அதை விட்டது தன் தப்புதான். இப்போது எங்கே எவ்வளவு விழுங்கியது என்று கண்டுபிடிப்பது எப்படி?

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினிப் பதிவை மட்டும் கேட்டாள். பிள்ளைகளின் குரல்களுக்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல், "மைக்கை மூடும்மா, எத்தனை வாட்டி சொல்றது?" நாத்தனாரின் குரலேதான்!

"அண்ணி, யாரு இந்தப் பொண்ணு?"

"அதுவா? பாடம் முழுக்க என் உயிரை வாங்கிட்டா. மூடச் சொன்னா மூடுவா, அடுத்த நிமிஷம் திறந்துடுவா."

"அவ வாயில சர்க்கரைதான் போடணும்!"

அந்தப் பெண் வீட்டு ஸ்பீக்கரில் ஒலித்த டீச்சரின் குரல், அவள் மைக் வழியாகவே திரும்பி வந்து கணினியில் பதிவாகியிருந்தது. போய்வர ஆகும் நேரம் எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான். கைப்பேசியில் பதிந்த குரலுக்கும் இந்த எதிரொலிக்கும் நடுவே அந்த இடைவெளி குறைந்த இடமெல்லாம் கணினி விழுங்கிய இடம். அங்கே பேச்சில்லாத நொடியாகப் பார்த்து வெட்டி, மீதியைப் பின்னுக்குத் தள்ளினால் போதும்.

நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, காகிதத்தில் நிமிடக் கணக்கு எழுதினாள். ஒருத்தி கேட்டாள், ஒருத்தி குறித்தாள். இருபத்துமூன்று வெட்டுகள். கடைசியில், டீச்சர் பேசும் இடங்களில் கணினிச் சத்தத்தைத் தாழ்த்தி எதிரொலியை மறைத்தார்கள். இப்போது கேள்வி முன்னால் வந்தது; பதில் அடக்கமாகப் பின்னால் வந்தது.

"தினமும் இதைத்தான் பண்றியா நீ?"

"இல்லண்ணி. தினமும் இவ்வளவு சுலபமா இருக்காது."

ஆறு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கையில் பாடம் போய்ச் சேர்ந்தது.

புதன்கிழமை நாத்தனாரின் அழைப்பு வந்தது. "கிடைச்சிடுச்சும்மா. திங்கக்கிழமை சேரணுமாம்."

ஒட்டுக்காரி போட்ட கூச்சலில் கணவன் ஓடி வந்தான். மறுமுனையில் நாத்தனார் தொண்டையைச் செருமினாள்.

"வாரத்துக்கு நாலு பாடம் பதிவு பண்ணி அனுப்பணுமாம்."

"நாலா!"

"அதான்… உனக்கு எந்தெந்த நாள் தோதுப்படும்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

கல்யாணமாகி வந்த இருபது வருடத்தில் நாத்தனார் அவளிடம் தோது கேட்பது இதுதான் முதல் தடவை. ஒட்டுக்காரி உடனே பதில் சொல்லிவிடவில்லை. நாட்காட்டியை எடுத்துவந்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டி, நன்றாக யோசித்தாள்.