சேற்றுப்புண் காயும்வரை

என் இடது காலில், சுண்டு விரலுக்கும் அதன் பக்கத்து விரலுக்கும் நடுவே ஒரு வாடகைக்காரன் குடியிருக்கிறான். காலி செய்யச் சொன்னால் செய்ய மாட்டான். கோடையில் ஊருக்குப் போனவன் மாதிரி சத்தமே காட்டாமல் இருப்பான். ஐப்பசி மழை விழுந்ததும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிவிடுவான். சேற்றுப்புண் என்று பெயர். நான் சேற்றில் கால் வைத்து எத்தனையோ வருஷமாகிறது, பெயர் மட்டும் மாறவில்லை.

செங்கம் ரோட்டில் ஒரு மெஸ்ஸில் சமைக்கிறேன். ஆசிரமத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்களும் வெள்ளைக்காரர்களும் சாப்பிடுகிற இடம். முன்பக்கம் பார்த்தால் பளபளவென்று டைல்ஸ், ஊதுபத்தி வாசனை. பின்பக்கம் என் ராஜ்ஜியம். அரிசி களைந்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் ஓயாமல் ஓடுகிற தரை. அதில் காலையிலிருந்து நின்றால் விரலிடுக்கு வெளுத்து ஊறிப்போகும். அப்புறம் அரிப்பு. அய்யோ, அந்த அரிப்பு! புடவைக் கரையை விரலிடுக்கில் விட்டு இழுத்தால் கிடைக்கிற சுகத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இழுத்து முடித்ததும் மிளகாய் பட்ட மாதிரி எரியும். எரியும் என்று தெரிந்தும் மறுநாள் இழுப்பேன்.

காலைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் எனக்கு அக்காதான் நினைவுக்கு வருகிறாள். அது என்னமோ அப்படித்தான்.

அக்கா கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். நெல், மல்லாட்டை, நாலு மாடு. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் என் வீட்டுக்காரரை முதல் பந்தியில் உட்காரவைத்த யாரோ, அக்கா வீட்டு மாமாவை "அடுத்த பந்தி பாத்துக்கலாம்"னு நிறுத்திவிட்டார்கள். மாமா கைகூடக் கழுவாமல் போய்விட்டார். அன்றிலிருந்து அவரும் எங்கள் வாசலை மிதிப்பதில்லை, அக்காவையும் விடுவதில்லை. என் வீட்டுக்காரரும் லேசுப்பட்டவரில்லை. "மூத்த மாப்ளைன்னா கொம்பா மொளச்சிருக்கு?" என்பார். இரண்டு ஆம்பளைகளின் ரோஷம், ஒரு வாழை இலை. வேறென்ன சொல்ல.

ஆனால் மலை சுற்றப் போகிறேன் என்று அக்கா சொன்னால் மாமாவால் தடுக்க முடியாது. சாமி காரியம். பௌர்ணமியன்று விடிகாலையில் பால் கறந்து ஊற்றிவிட்டு பஸ் ஏறுவாள். சாயங்காலம் கறக்கத் திரும்பிவிட வேண்டும். அக்னி லிங்கத்துக்குப் பக்கத்தில் நான் காத்திருப்பேன். அங்கிருந்து மலையைச் சுற்றி ஈசானிய லிங்கம் வரைக்கும் நடை. அந்த ரோடுதான் எங்கள் பிறந்த வீடு. அம்மா அப்பா போனபிறகு எங்களுக்கு வேறு பிறந்த வீடு ஏது?

நடந்துகொண்டே பேசுவதில் ஒரு வசதி உண்டு. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. வீட்டில் உட்காரவைத்துக் கேட்டால் வாயே திறக்காத அக்கா, ரோட்டைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கொட்டுவாள். மருமகள் பேசாமல் இருக்கிறது, கன்று போட்டுச் செத்த பசு, மாமாவின் கோபம், அந்தக் கோபத்துக்குப் பின்னால் இருக்கிற பயம். முந்தானையில் முடிந்து வந்த அவித்த மல்லாட்டையை உரித்து உரித்து என் கையில் வைப்பாள். "துன்னுடி, துன்னு" என்பாள். நான் ஊருக்கெல்லாம் ஆக்கிப்போடுகிறவள். எனக்கு உரித்துக் கொடுக்கிற ஒரே ஆள் அவள்தான்.

சாமி விஷயத்தில் மட்டும் அக்கா கறார். வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். "செருப்போட சுத்தினா சுத்தின கணக்கே இல்ல" என்பாள். பாதியில் திரும்பக் கூடாது; அதைவிட முக்கியமாக, வந்த வழியே எதிர்ச்சுற்றாக நடக்கவே கூடாது. வெயில் ஏறினால் தார் சுடாமலிருக்க லாரியில் தண்ணீர் விடுவார்கள். அந்த ஈரத்தில், வெடித்த விரலிடுக்கோடு நானும் நடப்பேன்.

அதற்கென்று என்னிடம் ஒரு வைத்தியமும் இருந்தது. பௌர்ணமிக்கு முதல் நாள் ராத்திரி காலை உப்பு வெந்நீரில் ஊறவைத்து, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்து விரலிடுக்கில் அப்பி, துணி சுற்றிப் படுத்துவிடுவேன். காலையில் அரிப்பு அடங்கியிருக்கும். ஆச்சு, குணம் என்று கிளம்பிவிடுவேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த களிம்பு பாதி ட்யூபோடு அலமாரியில் காயும்.

போன கார்த்திகையில், மலை சுற்றிவந்த ரெண்டு நாளில் மெஸ்ஸில் கரண்டி பிடித்த கை கிடுகிடுவென்று ஆடியது. குளிர் ஜுரம். பாதத்திலிருந்து முழங்கால் வரை சிவந்து, தோல் பளபளவென்று வீங்கி, தொட்டால் அடுப்பாகச் சுட்டது. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. என் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள்.

"புண்ணு சின்னதுதாம்மா. பூஞ்சை தோலை வெடிக்க வைக்குது. அந்த வெடிப்பு வழியா வேற கிருமி உள்ள போயிடுது. இப்படி வீங்க வீங்க, கால்ல நீர் வடியற பாதை கெட்டுப்போகும். அடுத்த தடவை இன்னும் சீக்கிரமா வரும், ஜாஸ்தியா வரும்."

"மஞ்சள் வெச்சுத்தான் கட்டினேங்க."

"ஈரமா அப்பித் துணியும் சுத்தினா உள்ளயே ஊறிட்டிருக்கும். கழுவுங்க, விரலுக்கு நடுவுல நல்லா துடைங்க, காயவிடுங்க. அரிப்பு நின்னாலும் நான் சொல்ற வரைக்கும் களிம்பை நிறுத்தாதீங்க. வெறுங்கால்ல நடக்கவே கூடாது."

"கிரிவலம்?"

"செருப்பு போட்டுட்டுப் போங்க. கால் இறுகற மாதிரி இருந்தா உடனே நின்னுடுங்க."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! எனக்குக் கோபம் கோபமாக வந்தது. செருப்போடு போனால் அக்கா என்ன சொல்வாள்? போகாவிட்டால் அக்காவே இல்லை.

போகவில்லை. மார்கழி போனது, தை போனது. அக்காவிடம் தனியாக போன் கிடையாது. மாமாவின் போனில் பேசினால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். "நல்லாகீறியா?" "நல்லாகீறேன்." "கால்?" "பரவால்ல." அவ்வளவுதான். அது பேச்சா? பௌர்ணமியன்று மெஸ் வாசலுக்கு வந்து நிற்பேன். கூட்டம் கூட்டமாக வெறுங்கால்கள் போய்க்கொண்டிருக்கும். அதில் அவள் எப்போதோ கடந்து போயிருப்பாள், நான் பின்பக்கம் சாம்பார் தாளித்துக்கொண்டிருந்தபோது. எனக்கு அழுகையாக வரும். அக்கா வேண்டும் என்று, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்த பிள்ளை மாதிரி மனசு அடம்பிடிக்கும். ஐம்பது வயசுக்கு மேல் இதென்ன கூத்து என்று என்னையே திட்டிக்கொள்வேன். அடங்காது.

அதனால்தான் காலைக் கவனிக்க ஆரம்பித்தேன். கழுவி, பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு விரலிடுக்காகத் துடைத்து, ஃபேனுக்கு நேராக நீட்டிக் காயவிட்டு, களிம்பு. அரிப்பு நின்றபிறகும் களிம்பு. மெஸ்ஸில் ரப்பர் பூட்ஸ் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். "கலியாணத்துக்குக்கூட இப்படி ஜோடிச்சிக்கலியே நீ" என்றார்.

மாசிப் பௌர்ணமிக்குக் காலில் செருப்போடு போய் அக்னி லிங்கத்தருகே நின்றேன். போகிறவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தார்கள். மண்ணில் புதைந்துவிடலாம் போலிருந்தது. அக்கா வந்தாள். இளைத்திருந்தாள். அவளும் காலைத்தான் பார்த்தாள்.

"இன்னாடி இது, செருப்பு?"

"கழட்டக் கூடாதுன்னுட்டாங்கக்கா."

"அப்போ சுத்தின கணக்கு வராதே."

"வராட்டி போவுது. நான் மலையை சுத்த வரலக்கா. உன்னைப் பாக்க வந்தேன்."

அக்கா என்னை ஓரமாக இழுத்துப்போய் ஒரு கல்லில் உட்காரவைத்தாள். தரையில் உட்கார்ந்து என் இடது காலை எடுத்து மடியில் வைத்தாள். நான் பதறிப்போனேன். மூத்தவள் என் காலைத் தொடுவதாவது!

"விடுக்கா, பாவம் சேரும்."

"நீ பொறந்தப்போ இந்தக் கால கழுவினதே நான்தான். சும்மா கெட."

செருப்பைக் கழற்றி, வியர்த்திருந்த விரலிடுக்கை முந்தானை நுனியால் ஒற்றி ஒற்றித் துடைத்தாள். புண் இருந்த இடத்தில் தோல் மெல்லிசாக, ரோஸ் நிறத்தில் மூடியிருந்தது. அதை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அவளே செருப்பை மாட்டிவிட்டாள்.

நடந்தோம். மூன்று மாதப் பேச்சை வாரி வாரிக் கொட்டினாள். நான் ஊம் கொட்டிக்கொண்டே வந்தேன். செங்கம் ரோட்டை விட்டு வலது பக்கம் கிரிவலப் பாதை திரும்புகிற இடத்துக்கு வந்தபோது கால் இறுக ஆரம்பித்தது. கணுக்காலில் செருப்பு வார் பதிந்து கோடு விழுந்திருந்தது.

"அவ்ளோதான்க்கா என்னால முடியும். நான் மெல்ல திரும்பிப் போறேன். நீ கெளம்பு, கறக்கற நேரமாயிடும்."

அக்கா முன்னால் போகிற கூட்டத்தைப் பார்த்தாள். தலைக்கு மேலே கையைக் குவித்து மலையை ஒருதரம் கும்பிட்டாள். அப்புறம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடக்க ஆரம்பித்தாள். எதிரே வந்த ஜனம் எங்களை ஒரு மாதிரி பார்த்து விலகியது.

"இன்னாக்கா பண்ற? எதிர்ச்சுத்து நடக்கக் கூடாதுன்னு நீதான சொல்லுவ?"

"வாய மூடிக்கினு வா."

"மாமா கேட்டா?"

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மல்லாட்டையை உரித்தாள். "சுத்திட்டியான்னு கேப்பாரு. சுத்திட்டேன்னு சொல்லுவேன். சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீ காலைப் பாத்து வை."