உலைக்கூடத்துச் சிவப்புத் துணி

அந்தக் கோடையில் சூச்சினுக்குச் சோறு இறங்கவில்லை. மிளகாயும் புளித்த கீரையும் போட்ட சாற்றைக் கண்டால் இரண்டு கிண்ணம் குடிக்கிறவள், கரண்டியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். காரணம், அவள் சட்டைப்பையில் கிடந்த ஒரு சின்ன அரம்.

விமானத்தின் கண்ணில் படாதபடி சீனாவின் குய்ச்சோ மலையிடுக்கில் ஒளித்துக் கட்டிய துப்பாக்கித் தொழிற்சாலை அது. ருஷ்யக்காரன் துப்பாக்கியைப் பார்த்து அச்சு அசலாக அதைப்போலவே செய்துகொண்டிருந்தார்கள். அந்த ருஷ்யக்காரனே இப்போது எல்லையில் எதிரியாக நின்றான். போல்ட்டைப் பார்த்து முத்திரை குத்துவது சூச்சினின் வேலை. தோட்டா வெடிக்கும்போது அந்த நெருப்பு சுடுகிறவன் முகத்தில் பாயாமல் பின்னால் அடைத்து நிற்கிற இரும்புதான் போல்ட். அது மெத்தென்று இருந்தால் தீர்ந்தது கதை. முதல் குண்டில் உடையுமோ நூறாவதில் உடையுமோ, உடைகிற அன்றைக்குக் கண் போய்விடும்.

இரும்பின் பதம் பார்க்கிற மெஷினைப் புரட்சிக் கமிட்டிக்காரர்கள் அறையோடு பூட்டிச் சீல் வைத்துவிட்டார்கள். அந்நியன் வகுத்த விதியாம், தொழிலாளிக்கு விலங்காம். உலைச்சூட்டை அளக்கிற கருவிக்கும் அதே கதி. "தொழிலாளியோட கண்ணே போதும்!" என்று கமிட்டித் தலைவர் லூ மேடையில் முழங்கினார். கத்தத் தெரிந்தவனுக்குத்தானே அப்போது காலம்! ஆனால் உலை மேஸ்திரி ஷென்னின் கண்ணைக் குறை சொல்ல முடியாது. பழுத்த இரும்பு கெட்டிப்பட எந்தச் சிவப்பில் எண்ணெய்க்குள் போக வேண்டும் என்று அவர் பார்த்தே சொல்லிவிடுவார்.

பிறகு லூவுக்கு இன்னொரு யோசனை உதித்தது. உலைக்கூடத்துச் சன்னல்களை எல்லாம் மறைத்து, கோஷம் எழுதிய சிவப்புத் துணியைத் தொங்கவிட்டார்.

மெஷின் இல்லாத குறைக்குச் சூச்சின் திருட்டுத்தனமாகப் போல்ட்டின் ஓரத்தில் அரத்தை இழுத்துப் பார்ப்பாள். நன்கு பதமேறிய இரும்பில் அரம் வழுக்கிக்கொண்டு ஓடும். துணி கட்டிய பிறகு அது வழுக்கவில்லை. கடித்தது.

அவள் எண்ணெய்த் தொட்டிப் பக்கம் போய் ஷென்னிடம் கிசுகிசுத்தாள்.

"அண்ணே, அரம் கடிக்குது."

"மெதுவாப் பேசு தாயி. எனக்கும் சந்தேகந்தான். துணி கட்டினதுலேருந்து கூடம் இருட்டிக்கிடக்கு. இருட்டுல இரும்பு சீக்கிரமே பழுத்த மாதிரித் தெரியுது. நானும் முந்தியே எடுத்துடறேன்."

"கொஞ்ச நேரம் கூட விட்டு எடுங்களேன்."

"எவ்வளவு கூட? குருடன் மாதிரித் தடவிக்கிட்டிருக்கேன். ஒண்ணு சரியா வந்தா நாலு கெட்டுப்போகுது."

"அப்ப துணியைக் கழட்டச் சொல்லுங்க."

"யாரு, நானா? சிவப்புத் துணியாலதான் துப்பாக்கி கெட்டுப்போச்சுன்னு லூகிட்டப் போய்ச் சொல்லவா? எனக்கென்ன ரெண்டு கழுத்தா இருக்கு?"

இதைவிடச் சின்ன வார்த்தை சொன்ன வரைபடக்காரரைக் கழுத்தில் குற்றம் எழுதிய பலகை மாட்டி ஊர்வலம் விட்டதை இருவரும் பார்த்திருந்தார்கள். சூச்சின் திரும்பிப் போய் முத்திரை குத்தினாள். மறுநாளும் குத்தினாள்.

அவள் புருஷன் லியாங், துப்பாக்கியைப் பூட்டிச் சேர்க்கிற பகுதியில் வேலை பார்த்தான். ஒரு நாள் பல்லெல்லாம் தெரிய வந்தான்.

"சூச்சின், புதுச் சரக்கை முதல்ல சுடறதுக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்காங்கடி!"

சரக்கு பெட்டிக்குள் போகுமுன் சிறந்த தொழிலாளி ஒருவன் நெஞ்சில் காகிதப்பூ குத்திக்கொண்டு, எல்லாரும் பார்க்கச் சுடுவது அங்கே வழக்கம்.

"வயித்துவலின்னு சொல்லிடேன்."

"பைத்தியமா உனக்கு? பூவைக் குத்திக்கிட்டு வயித்துவலின்னா லூ என்னைச் சும்மா விடுவாரா?"

அவனிடம் உண்மையைச் சொல்லவும் பயமாக இருந்தது. ரகசியம் அவன் வாயில் தங்காது. துணி கட்டுவதற்கு முன்னால் பதம் போட்ட நல்ல போல்ட் ஒன்று அவளிடம் இருந்தது. அதைக் கொண்டுபோய், அவனுக்கென்று எடுத்துவைத்த துப்பாக்கியில் மாற்றிப் போட்டாள்.

லியாங் சுட்டான். ஒன்றும் ஆகவில்லை. முரசு கொட்டினார்கள். சூச்சினுக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் நிலைக்க லூ விடவில்லை.

"புருஷன் சுட்டாப் போதுமா? முத்திரை குத்தின கையும் சுடட்டும்! தோழர் சூச்சின், வா இங்கே!" என்று இன்னொரு துப்பாக்கியை எடுத்து நீட்டினார்.

சூச்சின் துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை வைத்தாள். விசையில் வைத்த விரலை இரண்டு முறை எடுத்தாள். கூட்டம் சிரித்தது.

"செய்யத் தெரியுது, சுடப் பயமா அக்கா?"

"பயப்படாதே, பூ மாதிரி இருக்கு," என்றான் லியாங்.

தான் சுட்டது வேறு சரக்கு என்று பாவம், அவனுக்கு என்ன தெரியும்? சூச்சின் அவன் சிரித்த முகத்தைப் பார்த்தாள். இந்த ஒரு முகத்தைக் காப்பாற்றிவிட்டாள். பெட்டிக்குள் போகப்போகிற துப்பாக்கி ஒவ்வொன்றிலும் யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளை கன்னத்தை வைக்கப்போகிறானே!

துப்பாக்கியைத் தாழ்த்தினாள். போல்ட்டை வெளியே எடுத்து, அரத்தை வைத்து எல்லாரும் பார்க்க இழுத்தாள். கரகரவென்று கடித்து இரும்புத் தூள் உதிர்ந்தது.

"மெத்து. இது மட்டுமில்லை, எல்லாமே மெத்து. அவர் சுட்டதுல நான் பழைய போல்ட்டை மாட்டினேன்," என்றாள்.

முரசு நின்றது.

"யார் செஞ்ச நாசவேலை இது?" என்று லூ கத்தினார்.

ஷென் முகத்தில் ரத்தமே இல்லை. துணி என்று சொன்னால் அவரும் தொலைந்தார், அவளும் தொலைந்தாள்.

"என் முத்திரைதானே தலைவரே. பார்க்காமக் குத்தினது நான்தான்."

பலகை அவள் கழுத்துக்கு வந்தது. பாதித் தலைமயிரை வெட்டினார்கள். கீழே நின்று அவளுக்கு எதிராகக் கோஷம் போடும்படி லியாங்கையே நிறுத்தினார்கள். அவன் அழுதுகொண்டே போட்டான். பிறகு அவளைப் பன்றித் தொழுவத்துக்குத் துரத்தினார்கள். ஆனால் போல்ட் அத்தனையும் திரும்ப உலைக்குப் போயின.

அவை உலைக்குள் போகுமுன்பே ஷென் லூவிடம் போய், "புனிதமான துணியில கரி படியுது தலைவரே, மனசு பொறுக்கலை. துவைச்சுப் போடறேன்," என்று கழற்றிக்கொண்டு வந்தாராம். லூ கூட்டத்திலேயே அவரைப் பாராட்டி, காய்ந்ததும் திரும்பக் கட்டச் சொன்னார்.

துவைத்த துணி தொழுவத்துக்கு எதிரே கட்டிய கொடிக்கயிற்றில் தொங்கியது. மழை விடாத ஊர்தான் அது. இருந்தாலும் ஒரு துணி இத்தனை நாளா ஈரமாக இருக்கும்? தினமும் காலையில் சங்கு ஊதுமுன் ஷென் வாளியோடு வருவார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு முழுத் தண்ணீரையும் அதன்மேல் ஊற்றுவார். சூச்சின் பக்கம் திரும்பவே மாட்டார்.

ஒரு நாள் மட்டும், "இன்னும் காயலையே!" என்று யாருக்கோ கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

சூச்சின் பன்றிக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"காயாது அண்ணே. இந்த ஊரு வெயிலுக்கு எங்கே காயும்?"