இடுக்கியில் திரும்பி வந்த எலி

ராஜா ஆட்சி போய் இனி நம் ஆட்சி என்று மைசூரில் மேடை போட்டுப் பேசுகிறார்கள். குடிமக்களுக்கு இருக்க வேண்டிய குணங்களை ஒருவர் விரல்விட்டு எண்ணினார். மூன்றாம் வகுப்போடு நின்று ஊர் ஊராகத் திரிந்தவன் நான், பாதிதான் புரிந்தது. நினைவு என்னவோ அப்பாவின் கையிலிருந்த இடுக்கிக்குப் போனது.

பிளேக் வந்த வருஷம் எனக்கு எட்டு வயது. கௌதள்ளி கிராமத்திலிருந்து வந்து மைசூரில் மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தார் அப்பா. வீட்டில் எலி செத்து விழுந்தால் நோய் வந்துவிட்டதென்று அர்த்தம், நகரசபையில் சொல்ல வேண்டும். சொன்னால் உள்ளே வெயில் படக் கூரை ஓடுகளைப் பிரித்துப்போட்டு, தெருவையே ஊருக்கு வெளியே தகரக் கொட்டகைகளுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே யாரும் சொல்வதில்லை. எலியை அடுத்த வீட்டுக் கொல்லையில் வீசிவிடுவார்கள். அவர்கள் அதற்கடுத்த கொல்லையில். உயிரோடு இருந்ததைவிடச் செத்த பிறகுதான் எலிகள் அதிகம் ஊர் சுற்றின.

அக்காவின் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தபோது எங்கள் அடுப்படியில் ஒன்று விழுந்தது. அம்மா வாய் திறப்பதற்குள் அவள் தம்பி, எங்கள் மாமா, அதை முறத்தில் தள்ளிச் சுவருக்கு அப்பால் எறிந்துவிட்டார். எங்களுக்கு மூச்சு வந்தது.

மத்தியானம் வந்த அப்பாவிடம் மாமா சிரித்துக்கொண்டே சொன்னார். "ராசாவா வந்து பாக்கப் போறாரு, மச்சான்? பத்து நாள் கம்முனு இருங்க, கல்யாணம் முடிஞ்சுரும்."

"அந்த ஊட்லயும் நாலு புள்ளைங்க இருக்குதுங்க, மாப்ளே."

அப்பா இடுக்கியை எடுத்துக்கொண்டு சுவர் ஏறிக் குதித்தார். எலியைப் பழைய சட்டியில் போட்டுக்கொண்டு நகரசபைக்கு நடந்தார்.

மறுநாள் தெரு காலி. கொட்டகையில் அப்பாவோடு யாரும் பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரி எங்களைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். அக்காவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் கல்யாணம் வேண்டாமென்று சொல்லியனுப்பினார்கள். அக்கா அழவில்லை, அப்பாவுக்குச் சோறு போடுவதை நிறுத்தினாள்.

ஐந்தாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல், அக்குளில் கட்டி. ஏழாம் நாள் போய்விட்டார். தூக்குவதற்கு மாமாவும் வண்டிக்காரர்கள் மூன்று பேரும் வந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஓடு வேய்ந்து எல்லோரும் திரும்பினோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரோடும் பழையபடி பம்பரம் விட்டேன். தெருவில் வேறு ஒருவரும் சாகவில்லை. ஒருவரும் சாகாத தெருவை அப்பா வீணாகக் காலி செய்யவைத்தார் என்றுதான் வெகுகாலம் அவர்மேல் கோபமாக இருந்தேன்.