வெள்ளைச் சேலையில் எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவர் நடித்த மூன்று பேசும் படங்களையும் அட்டன் படக் கொட்டகையில் பார்த்தவர்கள் பலர் இந்த நினைவு மலரைப் பெறுகிறார்கள். படத்தில் அவருக்காக அழுத சிலர், மறுநாள் கடைத்தெருவில் அவரைக் கண்டதும் விலகி எதிர்ப்புறமாக நடந்தார்கள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்ல விரும்புகிறேன்.

அக்கா இலங்கை மலைநாட்டில், வட்டகொடையில் பிறந்தார். அங்கே ஸ்டேஷனுக்குக் கீழே தந்தையார் அரிசியும் கருவாடும் விற்றுவந்தார். தாயார் காலமானபோது அக்காவே சிறுமி. துக்க வீட்டில் பெண்கள் பாடியதையெல்லாம் அவர் அடுப்படியில் அப்படியே திரும்பப் பாடுவாராம். பிறகு கடை அட்டனுக்கு மாறியது. கடைக்குச் சாமான் ஏற்றிவந்த லொறிக்காரரான அத்தானுக்கு அக்காவை மணமுடித்துக் கொடுத்தார் தந்தையார். குழந்தைப் பேறு வாய்க்கவில்லை. அத்தானின் தாயாரும் அவர்களோடு இருந்தார்.

நடிப்பு எதிர்பாராமல் வந்தது. ஒரு நாடகக் குழுவின் சாமான்களை அத்தான் மலைக்கு ஏற்றிவந்தார். குளிரில் நடிகை ஒருவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. மகனைப் பறிகொடுத்த தாயாக நின்று ஒரு பாட்டு அழ வேண்டும். "எங்க வீட்ல ஒரு ஆளு நல்லா அழும்" என்று அத்தான் சொல்லிவிட்டார். அன்று அக்காவின் பாட்டைக் கேட்டு அழாமல் வீடு திரும்பியவர்கள் குறைவு.

சில ஆண்டுகளில் அந்தக் குழுவின் முதலாளி சென்னையில் படமெடுக்கத் தொடங்கி, அக்காவை அழைத்தார். அத்தானே தலைமன்னாரில் கப்பலேற்றி உடன் சென்றுவந்தார். முதல் படத்தில் விதவை வேடம். இரண்டாவதிலும் அதே.

"ஊருல வேற வேஷமே கெடைக்கலயா ஒனக்கு? எம் மகன் உசுரோட இருக்கையில நெத்திய அழிச்சுக்கிட்டு நிக்கிற!" என்றார் அத்தானின் தாயார்.

"அழுறதுதான் எனக்கு வரும்னு குடுக்குறாங்க, அத்தை. வேற எது குடுத்தாலும் செய்யத் தயார்தான்" என்றார் அக்கா.

கடைவாசலில் மூட்டை தூக்குபவர்கள் அத்தானைக் கேலி செய்தார்கள். "என்னண்ணே, படத்துல செத்துட்டு இங்க வந்து சாமான் ஏத்துறீங்க?"

"செத்தது நானில்லப்பா. அதுக்கு மதராஸ்ல வேற ஆளு வச்சிருக்காங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அன்று மழை. நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குப் போன லொறி இருட்டுமுன் திரும்பவில்லை என்றதும், சிரித்தவர்களே ஒவ்வொருவராகத் தெருமுனைக்கு வந்து நின்றார்கள். லொறி வந்துசேர்ந்தது. ஆனால் அதன்பின் யாரும் அந்தக் கேலியைச் செய்யவில்லை.

மூன்றாம் படத்தில், தாலியைக் கழற்றுவதையே கேமராவைக் கிட்டத்தில் வைத்துப் பிடிக்க வேண்டும் என்றார்கள். அக்கா மறுத்தார். கடைசியில் வேறொரு மஞ்சள் கயிறு கொண்டுவந்தார்கள். அதை அவர் கழுத்தில் கட்ட அங்கிருந்த ஆண்களுக்குத் துணிவில்லை, பெண்களும் தொடவில்லை. அக்கா தாமே கட்டிக்கொண்டு, தாமே கழற்றினார். ஊர் பார்த்தது கழற்றியதை மட்டுமே.

அந்தப் படம் அட்டனுக்கு வந்த மழைக்காலத்தில் லொறி ஒரு வளைவில் சறுக்கியது. அரிசி மூட்டைகள் தேயிலைச் சரிவில் உருண்டன. அத்தான் சிராய்ப்போடு தப்பினார். "இது மொத எச்சரிக்க" என்று கடைத்தெரு முடிவு செய்தது. கல்யாண வீடுகளிலிருந்து அக்காவுக்கு வெற்றிலை வருவது நின்றது. அத்தான் புறப்படும்போது அக்காவின் முகம் எதிர்ப்படக் கூடாது என்று அவருடைய தாயார் சொல்லிவிட்டார். அக்காவுக்கும் அந்தப் பயம் இருந்தது. எங்கள் எல்லாரையும்விட அதிகமாகவே இருந்தது.

அதுமுதல், பனி விலகாத காலைகளில், லொறி கிளம்பும்வரை அக்கா அடுப்படிக்குப் பின்னால் வெளியே நிற்பார். வளைவில் அத்தான் ஹார்ன் அடிப்பது கேட்ட பிறகே உள்ளே வருவார். அவருக்கு இருமல் தொடங்கியது. புறப்படுகிறவர் காதில் இருமல் விழக் கூடாதென்று முந்தானையை வாயில் திணித்துக்கொள்வார்; வீட்டுக்குள்ளும் யாருக்கும் கேட்காமல் அடக்கிவிடுவார். இதைக் கண்டவர் வேலிக்கு அப்பாலிருந்த சிங்கள அம்மா ஒருவரே. கொத்தமல்லி அவித்த தண்ணீர் கொடுத்து, டாக்டரிடம் போகச் சொன்னாராம். "மழை முடியட்டும். அவர் ரோட்டுல இருக்கையில நான் போய் ஆஸ்பத்திரில படுத்தா, ஊரு அவருக்குத்தான் நாள் எண்ணும்" என்று அந்த அம்மாவின் மொழியிலேயே அக்கா சொல்லியிருக்கிறார். எங்களுக்கு இது பிறகுதான் தெரிந்தது. நாங்கள் எல்லாரும் அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்கா படுக்கையில் விழுந்த பிறகு வந்த டாக்டர், "எவ்வளவு நாளா இந்த இருமல்?" என்று கேட்டார்.

"இருமலா? எங்க வீட்ல யாருக்கும் இருமல் இல்லீங்களே" என்றார் அத்தான்.

அந்த வாரத்திலேயே அக்கா போய்விட்டார்.

குளிப்பாட்டிக் கிடத்திய பின், மஞ்சளும் குங்குமமும் பூவும் தட்டில் இருந்தன. பெண்கள் சுவரோரம் நின்றார்கள், யாரும் முன்வரவில்லை. அத்தானின் தாயார் தாம் கைம்பெண் என்பதால் தட்டைத் தொடவில்லை. வாசலில் நின்ற அத்தானைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தார்.

"இந்தா, எம் மகன் உசுரோட நிக்கிறான். நல்லாப் பாத்துக்கங்கடி. பாத்துட்டுப் பூவ வைங்க."

அதன்பிறகு வரிசை தெருவரை நீண்டது. பூ வைத்து, அக்காவின் குங்குமத்தைத் தொட்டுத் தங்கள் நெற்றியில் இட்டுக்கொண்ட தாய்மார்களுக்கும், மழையில் இறுதிவரை நடந்துவந்தவர்களுக்கும், டாக்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வேலிக்கு அப்பாலிருந்து கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்த அம்மாவுக்கு நன்றி சொல்லச் சொல் போதாது.

மழை விட்டதும் அந்த மூன்றாம் படம் மீண்டும் அட்டனுக்கு வருகிறதாம். போகிறவர்கள் தாலி கழற்றும் இடத்தில் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டாம். கழுத்துக்குக் கீழே, வெள்ளைச் சேலையின் ஓரத்தில் ஒரு சிறு மேடு தெரியும். துணியில் சுற்றி, ரவிக்கையின் உட்புறம் ஊசி குத்தி வைத்திருந்தார். அத்தான் கட்டிய தாலி அதுதான். அதோடுதான் அவரை அனுப்பினோம்.