வெள்ளிக்கிழமை வாடை

1. ஒன்பது மிஸ்டு கால்

ஜும்மா தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டே போனை எடுத்துப் பார்த்தேன். சைலண்டில் போட்டிருந்தேன். ஒன்பது மிஸ்டு கால். ஒன்பதும் எங்கள் டீம் நர்ஸ் ஜெஸ்ஸி சிஸ்டரிடமிருந்து.

திருப்பிக் கூப்பிட்டேன்.

"பாய் சார், எங்க இருக்கீங்க? உங்க கந்தசாமிக்கு பஸ் ஸ்டாப்புல ஃபிட்ஸ் வந்து விழுந்துட்டாரு. மொகமெல்லாம் ரத்தம். தோள்பட்ட எறங்கிருச்சு. குன்னூருக்கு ஆம்புலன்ஸ்ல கொண்டு வந்துட்டோம். உடனே வாங்க. டாக்டரம்மா கேக்கறாங்க, இவர யாரு திடீர்னு குடிய நிறுத்தச் சொன்னதுன்னு."

யார் சொன்னது என்று எனக்குத் தெரியும்.

சமுதாய மனநலக் குழுவில் குடி, கஞ்சா, புகையிலைப் பழக்கத்துக்கான கவுன்சிலராகப் பதினான்கு வருடம் வேலை பார்த்து இப்போது ஓய்வில் இருக்கிறேன். படிப்பு பிளஸ் டூ. அதற்குமேல் ஆறு மாதப் பயிற்சி, ஒரு சர்டிபிகேட், அவ்வளவுதான். அதற்கு முன்னால் குன்னூர் பஜாரில் அத்தாவின் தையல் கடையில் மிஷின் மிதித்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். அல்லாஹ்வின் கிருபையால் நன்றாக முடிந்த கேஸ்களும் எனக்கு உண்டு. அவற்றைப் பற்றிப் பல கூட்டங்களில் பேசிவிட்டேன். இதைப் பற்றி மட்டும் பேசியதில்லை.

2. நான் போட்ட சட்டம்

அரவேணுப் பக்கம் ஒரு எஸ்டேட் டிஸ்பென்சரியின் பின்னறைதான் எங்கள் கிளினிக். செவ்வாய்க்கிழமை குன்னூர் ஆஸ்பத்திரியிலிருந்து மனநல டாக்டரம்மா வருவார். மாத்திரை எழுதுவது, அட்மிஷன் போடுவது எல்லாம் அன்றைக்கு. வெள்ளிக்கிழமை நானும் ஜெஸ்ஸி சிஸ்டரும் மட்டும். காலையில் ஆட்களைப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு மணி பஸ் பிடித்து நான் ஜும்மாவுக்குப் போய்விடுவேன். அதனால் வெள்ளிக்கிழமை வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கொஞ்சம் அத்தர். தையல்காரன் மகன் இல்லையா, சட்டை விஷயத்தில் எனக்கு எப்போதும் கூடுதல் கவனம்.

ஒரு வெள்ளிக்கிழமை, குடித்துவிட்டு வந்த ஒருவர் என் தோளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டார். சட்டை முழுக்க வாடை. தண்ணீர் தொட்டுத் துடைத்துக்கொண்டு போனேன். தொழுகை வரிசையில் பக்கத்தில் நின்றவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பஜாரில் என் அத்தாவைத் தெரிந்த மனிதர். அந்த ஒரு பார்வை போதும், அன்றைக்குத் தொழுகையில் என்ன ஓதினேன் என்றே தெரியவில்லை.

அடுத்த வாரம் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். "மத்த நாள் எப்படியோ. வெள்ளிக்கிழம என்கிட்ட வாடையோட வராதீங்க."

ஜெஸ்ஸி சிஸ்டர் சிரித்தார். "பாய் சார், காய்ச்சல் எறங்கினப்புறம் ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"ஒரு நாள் கட்டுப்பாடுகூட இல்லாம இவங்க எப்படி சிஸ்டர் திருந்துவாங்க?" என்றேன்.

பயிற்சியில் எங்களுக்கு முதல் வாரமே சொல்லித் தந்தது இதுதான்: எந்த நிலையில் வந்தாலும் உள்ளே கூப்பிடு. கடைசியாக எப்போது குடித்தாய் என்று முதலில் கேள். தினமும் நிறையக் குடிக்கிறவரைச் சட்டென்று நிறுத்தச் சொல்லாதே. வலிப்பு வரும், உயிரே போகலாம். டாக்டர் கொடுக்கும் மாத்திரையோடுதான் நிறுத்த வேண்டும். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு எனக்கு முழு மார்க். அதே வாசகம் கிளினிக் சுவரில் போஸ்டராகவும் ஒட்டியிருந்தது. ஒட்டியவன் நான்தான்.

3. மூன்று வெள்ளிக்கிழமை

கந்தசாமிக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது இருக்கும். ஜெகதளாப் பக்கத்து எஸ்டேட்டில் கவாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடி முற்றினால் இடுப்பளவுக்குக் கீழே சரிசமமாக வெட்டிவிட வேண்டும். கைக்கத்தியை ஒரே வீச்சில் இறக்க வேண்டும். இரண்டாவது வெட்டு விழுந்தால் கிளை பிளந்துவிடும். அவருடைய வெட்டைக் காட்டித்தான் மற்றவர்களுக்கு வேலை சொல்லித் தருவார்களாம். இதை அவர் சொல்லவில்லை. அவருடைய மனைவி மல்லிகா சொன்னார். அந்த அம்மாள்தான் கெஞ்சிக் கூத்தாடி அவரை முதல் வெள்ளிக்கிழமை அழைத்து வந்தது.

வாசலிலேயே வாடை வந்துவிட்டது. நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

"எத்தன வருசமாங்க குடிக்கறீங்க?"

"அதெல்லாம் கணக்கில்லீங்க பாய். காலைல ஒரு கட்டிங் போடலீன்னா கத்தி கையில நிக்காதுங்க. போட்டாத்தான் கை ஒரு நெலைக்கு வரும்."

இந்த வேலையில் இருப்பவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட வேண்டும். காலையில் குடித்தால்தான் கை நடுங்காமல் நிற்கும் என்று ஒருவர் சொன்னால், அவர் உடம்பு சாராயத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது என்று அர்த்தம். பிடுங்கினால் விழுந்துவிடும். நான் நிமிர்ந்து உட்காரவில்லை. என் வேட்டி நாற்காலிக் காலில் படுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூணு வெள்ளிக்கிழம வாடையில்லாம வந்து காட்டுங்க. உங்களுக்கு மனசு இருக்குன்னு எனக்குத் தெரியோணும். அப்புறம் செவ்வாக்கெழம நானே டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போறேன்."

டாக்டர் வரும் செவ்வாய்க்கிழமைக்கு நான்கே நாள்தான் இருந்தது.

மல்லிகா கும்பிட்டார். "வந்துருவாருங்க பாய். நீங்க கெட்டியா சொல்லிப்போட்டீங்கல்ல, கேப்பாருங்க."

இரண்டாவது வெள்ளிக்கிழமை வந்தார். காலையில் குடிக்காமல் வந்திருந்தார். அந்தக் குளிரில் நெற்றி வியர்த்திருந்தது. டீ கொடுத்தேன். பாதி டீ தரையில். இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார், அப்போதும் நிற்கவில்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பயபக்தி என்று நினைத்தேன். மனிதருக்கு மனம் இளகிவிட்டது, திருந்துகிறார் என்று நினைத்தேன்.

"பாத்தீங்களா கந்தசாமி, மனசு வெச்சா முடியுது!" என்றேன். கூடவே சிரித்துக்கொண்டு, "நேத்தைய வாடை மட்டும் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குங்க" என்றேன்.

அவர் உடனே வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பொத்தியபடியே, "அடுத்த வாரம் அதும் இருக்காதுங்க பாய்" என்றார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை மணி பதினொன்றரை ஆகியும் வரவில்லை.

"பாத்தீங்களா சிஸ்டர், மூணாவது வாரம் தாண்டல. எங்கயாவது போட்டுட்டுக் கெடப்பாரு" என்று சொல்லிவிட்டு தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்து, பஸ் ஏறிப் போனேன். தொழுகை முடிந்து துஆவில் அவருக்காகவும் கேட்டேன். யா அல்லாஹ், அந்த மனிதருக்கு நல்ல புத்தியைக் கொடு என்று மனதார, கண் கலங்கக் கேட்டேன்.

அந்த நேரம் அவர் ஆம்புலன்ஸில் வந்துகொண்டிருந்தார்.

4. கேஸ் ஷீட்

ஆஸ்பத்திரியில் கந்தசாமியின் நாக்கு கடிபட்டு வீங்கியிருந்தது. முன் பற்கள் இரண்டு போயிருந்தன. வலது தோளைக் கட்டியிருந்தார்கள். டாக்டரம்மா கட்டிலருகே நின்று, என்னை வைத்துக்கொண்டே அவரிடம் கேட்டார்.

"கடைசியா எப்பங்க குடிச்சீங்க?"

"புதங்கெழம சாயந்தரமுங்க."

"அப்ப ஒண்ணர நாளுக்கு மேல ஒண்ணுமே இல்லாம இருந்திருக்கீங்க. யாரு உங்கள அப்படி நிறுத்தச் சொன்னது?"

கந்தசாமி என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, குழறிக் குழறிச் சொன்னார். "ஒருத்தரும் சொல்லலீங்க டாக்டரம்மா. நானாத்தானுங்க நிறுத்துனேன்."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடம். நான் ஃபைலைத் திறந்தேன். 'நோயாளி ஆலோசனை ஏதுமின்றித் தானாகவே மது அருந்துவதைத் திடீரென நிறுத்தியுள்ளார்' என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது. கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

வெளியே குழாயடியில் மல்லிகா ஒரு சட்டையை அலசிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை. முன்பக்கமெல்லாம் ரத்தக் கறை.

"ஏனுங்க பாய், இது போகுமுங்களா? நீங்க தையக்கட வெச்சிருந்தவிக. உங்களுக்குத் தெரியுமல்ல."

"பச்சத் தண்ணியில உப்புப் போட்டு ஊற வெய்யுங்கம்மா" என்றேன்.

"கல்யாணத்துக்குப் போடறதுக்குன்னு வெச்சிருந்த சட்டைங்க. 'பாய் வெள்ளையில இருப்பாரு, நானும் வெள்ளையில போறேன், இன்னிக்கு அவுரு பக்கத்துல உக்காந்து பேசோணும்'னு சொல்லிப்போட்டுத்தான் கௌம்புனாரு. ராத்திரியெல்லாம் கை காலு வெடவெடன்னு நடுங்குச்சு. 'ஒரு மூடி குடிச்சுட்டுப் படு சாமி'ன்னு நாந்தான் சொன்னேன். 'அட வாடை வந்துரும் புள்ள'ன்னுட்டாரு."

அந்த அம்மாள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியாவது இருப்பேன்.

5. பையில் இடம்

பதினோரு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். அடுத்து வந்த ஜும்மாவுக்கு வாடை ஒரு துளி இல்லாத வெள்ளைச் சட்டையோடுதான் போனேன். சுஜூதில் நெற்றியை வைத்தால் எழ முடியவில்லை.

தொழுகை முடிந்து எல்லோரும் போனபிறகு, தொழவைக்கும் ஹஜ்ரத்திடம் விஷயத்தைச் சொன்னேன். முழுதாகச் சொல்லவில்லை. "குடிக்கறவங்க மத்தியில வேலைங்க ஹஜ்ரத். சட்டையில வாடை ஒட்டிக்குது. ஜும்மாவுக்கு என்ன பண்றது?" என்று மார்க்கச் சந்தேகம் போலக் கேட்டேன். ஏதோ பெரிய விளக்கம் வரும், நான் செய்ததிலும் ஒரு நியாயம் இருந்தது என்று வரும் என்று மனதுக்குள் ஓர் ஆசை.

அவர் என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். "ஏன் பாய், அந்தப் பையில இன்னொரு சட்டைக்கு எடமில்லையா?"

அவ்வளவுதான். சட்டை தைத்துப் பிழைத்த வீட்டில் பிறந்தவனுக்கு அது தோன்றவில்லை.

நான் எழாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "நீங்க அல்லாஹ்வுக்குப் பயந்தீங்களா, தொழுகை ஸஃப்பு வரிசையில பக்கத்துல நின்னவருக்குப் பயந்தீங்களா?"

மறுநாளே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் செவ்வாய் வரும்வரை காத்திருந்து, கிளினிக்கில் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேஸ் ஷீட்டில் எழுதிய பொய்யையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"கந்தசாமிகிட்ட சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"மொதல்ல அங்க போங்க. அப்புறம் ஃபைல்ல உங்க கையாலயே உண்மைய எழுதிக் கையெழுத்துப் போடுங்க. மேலிடத்துக்கு எழுத வேண்டியத நான் எழுதிக்கறேன்."

மெமோ வந்தது. மூன்று மாதம் தனியாகக் கேஸ் பார்க்கக் கூடாது என்றும் வந்தது. இரண்டும் எனக்குக் குறைவுதான்.

கந்தசாமியின் வீட்டுக்கு அந்தச் செவ்வாய் சாயந்தரமே போனேன். எஸ்டேட் லைனில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று, ஒரே அறை. கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மாத்திரை ஆரம்பித்திருந்தார்கள், முகம் தெளிந்திருந்தது. நான் கீழே உட்கார்ந்தேன். "என் தப்புங்க. முழுசா என் தப்பு. நீங்க எனக்காகப் பொய் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

"மேல உக்காருங்க பாய், சிமென்ட்டு சில்லுனு இருக்கும்" என்றார். பிறகு பல் இல்லாத வாயால் சிரித்தார். "நீங்கதான்னு சொன்னா உங்கள மாத்திப்போடுவாங்க. அப்புறம் புதுசா வர்றவருகிட்ட நான் மறுக்காவும் மொதல்ல இருந்து கதைய சொல்லோணுமே. அது ஆருக்கு ஆவும்?"

மல்லிகா சிரிக்கவில்லை. டீயை வைத்துவிட்டு, "அவுருக்குக் கை மேல தூக்க முடியலீங்க பாய்" என்று மட்டும் சொன்னார்.

தோள் கடைசிவரை முழுதாகச் சரியாகவில்லை. குடியை அவர் விட்டார். நடுவில் இரண்டு முறை வழுக்கி, மறுபடி விட்டார். ஆனால் கவாத்துக் கத்தியை ஒரே வீச்சில் இறக்கும் கை போய்விட்டது. எஸ்டேட்டில் லைட் வொர்க் கொடுத்து, நர்சரியில் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்ற வைத்தார்கள். கவாத்து சீசனில் அந்தப் பக்கம் போனால், மற்றவர்கள் வெட்டுவதை அவர் வலது தோளைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பதைப் பார்ப்பேன். என்னைக் கண்டால் கையசைப்பார். இடது கையைத்தான்.

6. கடைசி வெள்ளிக்கிழமை

அதற்குப் பிறகு என் பையில் எப்போதும் ஒரு சட்டை மடித்திருக்கும். எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், எப்படி இருந்தாலும் வாங்க, குடித்திருந்தாலும் வாங்க என்று. லைன் லைனாகப் போய்ச் சொன்னேன். சொன்னதோடு அந்தச் சட்டம் ஒழிந்தது என்று நினைத்தேன்.

நான் ஓய்வு பெற்ற வாரம், என் கடைசி வெள்ளிக்கிழமை. கிளினிக் வாசலுக்கு வெளியே, மழைத் தூறலில், ஒருவர் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். முன்பின் தெரியாதவர். ரொம்ப நேரமாக நிற்கிறார் என்று ஜெஸ்ஸி சிஸ்டர் சொன்னார். "உள்ள வாங்க" என்று கூப்பிட்டேன்.

அவர் இன்னும் ஓர் அடி பின்னால் போனார். "வேண்டாமுங்க பாய். காலைல கொஞ்சம் போட்டுப்போட்டேன். வெள்ளிக்கெழம உங்ககிட்ட வாடையோட வரக்கூடாதுன்னு எங்க லைன்ல சொன்னாங்க. நான் இங்கயே நின்னு பேசிக்கறேனுங்க."

நான் ஒரு மூச்சில் சொன்ன வார்த்தை. இத்தனை வருடம் ஒவ்வொரு லைனாக நான் திருப்பி வாங்கியும், எனக்கு முன்னால் அது அங்கே போய் நின்றுகொண்டிருந்தது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். நாம் சொல்வதை இவர்கள் கேட்க மாட்டார்கள் என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். கேட்பார்கள். உயிரைப் பணயம் வைத்துக் கேட்பார்கள். அதனால் நம் வசதிக்காக ஒரு வார்த்தையும் அவர்களிடம் சொல்லிவிடக் கூடாது.

மழையில் இறங்கிப் போய் அவர் தோளில் கை போட்டு உள்ளே அழைத்து வந்தேன். என் பக்கத்தில், வேட்டி படும்படி உட்கார வைத்தேன். ஜும்மாவுக்கு இன்னும் நேரம் இருந்தது. பையில் சட்டை இருந்தது.

"சொல்லுங்க. கடைசியா எப்பங்க குடிச்சீங்க?"