நான்கு குண்டூசிகள்

காலை ஆறு இருபதுக்கு நான் முதலில் பார்த்தது அறிவிப்புப் பலகையில் நான்கு குண்டூசிகள். முந்தின மாலை அவற்றின் நடுவே ஒரு தாள் இருந்தது: ஆயா வேலை, நிரந்தரம், காலியிடம் ஒன்று. நானே தட்டச்சு செய்தது. மூன்றாவது பிரதி. முதல் இரண்டும் குத்திய ஒரு மணி நேரத்தில் காணாமல் போயிருந்தன.

எங்கள் தீவின் டெலானிபூர் மேட்டில், வீட்டில் வைத்துப் பார்க்க ஆளில்லாத முதியவர்களுக்கான மருத்துவ இல்லம் அது. பதினொரு கட்டில். 1960-களின் நடுவில் அங்கே ஒரே குமாஸ்தா நான். பழைய ஆயா கணவரோடு மெயின்லேண்டுக்குப் போய்விட்டதால், தூத்துக்குடிப் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண் ஒருவர் தற்காலிகமாக வேலை பார்த்தார். கணவரை இழந்தவர். தற்காலிகம் இரண்டு வருடமாக நீண்டிருந்தது. பின்கட்டில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். வேலை வேறொருவருக்குப் போனால் அறையும் போகும்.

தாளைத் தேடி வார்டுக்குள் போனேன். ஏழாம் கட்டிலில் ஓய்வுபெற்ற வனத்துறை அதிகாரி விசிறிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் அவர் பெரிய சாப். விசிறியின் மடிப்புகளில் என் தட்டச்சு எழுத்துகள் தெரிந்தன.

"மூணையும் நீங்கதான் எடுத்தீங்களா, சாப்?"

"நோட்டீஸ் இல்லேன்னா எவ வருவா? நம்ம ஆயாவே இருந்துட்டுப் போறா. யோசனை எப்படி?"

மற்றக் கட்டில்களில் சிரிப்பு. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

அறிவிப்பு சென்னைப் பத்திரிகையிலும் வந்தது என்பதோ, அன்றுதான் கடைசி நாள் என்பதோ அவர்களுக்குத் தெரியாது. ஆயா கஞ்சி வாளியோடு வந்தார். இல்லத்தை நடத்தும் மேட்ரனிடம் விண்ணப்பம் கொடுத்திருப்பார் என்று நினைத்துத்தான், கொடுத்தாயிற்றா என்று கேட்டேன்.

"நான் இங்கனதான கெடக்கேன்? எனக்கு எதுக்கு அப்ளிகேஷன்?"

"எல்லாரும் போடணும்னு நோட்டீஸ்ல இருந்ததே, படிக்கலையா?"

"எங்க தொங்குச்சி, படிக்க?"

பெரிய சாப் விசிறுவதை நிறுத்தினார்.

மேட்ரனிடம் போய்ச் சொன்னேன். அவர் மலையாளி, வார்டில் அதிகாரம் செய்வது இந்தியில். "காகஜ் நஹி, தோ நாம் நஹி" என்றார். விண்ணப்பம் இல்லாவிட்டால் பட்டியலில் பெயர் இல்லை. கூடவே நன்னடத்தைச் சான்று, அதிகாரியாக இருந்த ஒருவர் கையெழுத்தோடு.

எங்கள் ஊரில் கடைசி நாளைக் கடிகாரம் முடிவு செய்வதில்லை. மெயின்லேண்டு விண்ணப்பங்கள் கப்பலில் வருவதால், தபால் பை வந்து சேரும்வரை பட்டியல் திறந்திருக்கும். ஜன்னல் வழியே பார்த்தேன். கப்பல் கட்டும் ஜெட்டித் துறையில் இடமில்லாமல் கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நின்றது.

விண்ணப்பத்தை நான் எழுத, ஆயா கையெழுத்திட்டார். சான்றுதான் பாக்கி. பதினொரு பேரில் அதிகாரியாக இருந்தவர் ஒருவரே.

"போடறேன்" என்றார் பெரிய சாப். "தினம் ரெண்டு பீடி."

"நெஞ்சுல சளிய வச்சிக்கிட்டு பீடியா கேக்கீரு? ஒண்ணுங் கெடையாது."

"அப்ப கையெழுத்தும் கிடையாது."

"போடாண்டாம். நான் மூட்டையக் கட்டுதேன். புதுசா வாரவ ஒம்ம முதுகத் தொடைக்கட்டும்."

மூன்றாம் கட்டில் வங்காளி முதியவர் எழுந்து உட்கார்ந்தார். "அரே சாப், சைன் கரோ! நயீ வாலி டண்டா பானி சே நஹலாயேகி!"

புதியவள் பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டுவாள் என்றதும் பெரிய சாப் பேனா கேட்டார். சான்றில் எழுதியது இது: "பிடிவாதக்காரி. கஞ்சியில் உப்பு போதாது. இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட எங்களைப் பட்டினி போட்டதில்லை." மேட்ரன் இரண்டு முறை படித்துவிட்டுக் கோப்பில் சேர்த்தார்.

நாலே காலுக்குக் கப்பலைத் துறையில் கட்டினார்கள். மறுநாள் காலை வந்த பையில் ஐந்து விண்ணப்பங்கள். ஐந்து பேரும் எட்டாம் வகுப்புத் தேறியவர்கள். ஆயா ஐந்தோடு நின்றவர். வார்டுக்குச் செய்தி போனது. அன்று பெரிய சாப் கஞ்சியில் உப்பு கேட்கவில்லை.

மேட்ரன் என்னைக் கூப்பிட்டு ஆறு பேருக்கும் கடிதம் அடிக்கச் சொன்னார். நேர்முகத் தேர்வு வரும் வியாழக்கிழமை, காலை பத்து மணி, நேரில் வர வேண்டும். அடித்து முடித்துக் கையெழுத்துக்கு வைத்தேன். அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கப்பல் கால அட்டவணை இருந்தது. மெயின்லேண்டிலிருந்து அடுத்த கப்பல் வருவது அந்த வியாழனுக்கு எட்டு நாள் கழித்து.